தோளின் சொந்த உயரம்

...இறக்கு என்றால் எங்கே இறக்குவது, தோள் என்ன கடை ஷட்டரா இழுத்துவிட, கீழேதானே இருக்கிறது, இல்லையா, கண்ணாடியில் பார்த்தால் வலது தோள் காதுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, எனக்கோ இரண்டும் சமமாகத்தான் படுகிறது, இதில் கண்ணாடியை நம்புவதா என்னை நம்புவதா. கையில் இருக்கும் டம்பெல் ஒரு பப்பாளிப்பழ கனம்கூட இல்லை, ஆனாலும் தூக்குவதற்கு முன்பே கழுத்து இறுகிக்கொள்கிறது. "தெல்மாக்கா, தூக்கறப்ப மூச்ச விடுங்க, அடக்காதீங்க. தாடை உள்ள, தோள் கீழ. சுண்டு விரல் மரத்துச்சுன்னா உடனே வெச்சிருங்க, வீரம் காட்டாதீங்க" என்கிறாள் தாமரிஸ், இந்த ஜிம்மின் பயிற்சிக்காரி, என் மகள் வயது. மூச்சு, தாடை, தோள், விரல்... எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் யாரால் கவனிக்க முடியும், ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவுகிறது. இழுக்கிற வலி நல்லது, சுருக்கென்று கைக்கு ஓடுகிற வலி கெட்டது என்று சொல்லியிருக்கிறாள், எனக்கு இரண்டும் கலந்தல்லவா வருகிறது, அதற்கு என்ன பெயர்?

கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனி மாதா சப்பரத்தைத் தோளில் சுமக்கும் பேச்சே வேண்டாம் என்றார் டாக்டர். தாமரிஸ்தான், ஒரு தெரு தூரம்தானே, தோளை இறக்கி வைக்கப் பழகிக்கொண்டால் பார்க்கலாம் என்றாள். இறக்கிக்கொண்டால்! அங்கேதானே சிக்கல், இன்று மதியம் கோயிலில் அளவு எடுக்கிறார்கள். எங்கள் ஆன்டிகுவா ஊரில் எந்தப் பெண்ணும் தன் செருப்பளவை மறந்தாலும் மறப்பாள், தோள் உயரத்தை மறக்கமாட்டாள், சுவரோடு நிறுத்தி, அளவுகோலை வைத்துப் பார்த்து, ஒரே உயரக்காரர்களைச் சேர்த்து, ஒரு தெரு தூரம் சுமக்க ஒரே முறைக்குப் போடுவார்கள், இல்லாவிட்டால் சப்பரம் சாய்ந்துவிடும். என் அக்கா மிர்னா என்னைவிட உயரம். அதனால் கோல் பக்கத்தில் வரும்போது தோளைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்வேன், அவ்வளவுதான், அவள் முறையிலேயே எனக்கும் இடம் கிடைத்துவிடும், தெரு முழுக்க அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்துவிடுவேன். வருஷா வருஷம் தூக்கித் தூக்கி அது அங்கேயே குடியேறிவிட்டதா? அதுதான் கழுத்தைத் தின்றதா? அல்லது தையல் மிஷினா, தலையணையா... யாரைக் கேட்பது. மற்ற நாளெல்லாம் நானும் மிர்னாவும் எலியும் பூனையும்தான், அம்மா வீட்டுச் சாவியில் தொடங்கி காப்பிக்குப் போடும் சர்க்கரை வரைக்கும் சண்டை, ஆனால் அந்த ஒரு தெருவில் அவள் எனக்குப் பின்னால் வருவாள், சாம்பிராணிப் புகைக்கு நடுவே அவள் மூச்சு என் பிடரியில் படும், இரண்டு பேரும் ஒன்றாக அசைந்து அசைந்து நடப்போம், அப்போது அவள்மேல் எனக்குப் பொங்கிவரும் பாசம் இருக்கிறதே, அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. தோளை இறக்கினால் கழுத்து பிழைக்கும், அக்கா வேறு முறைக்குப் போய்விடுவாள். ஏற்றினால் அக்கா இருப்பாள், கழுத்து... கடவுளே, எது வேண்டும் எனக்கு?

அவளானால் ஒரு கவலையும் இல்லாமல் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, சுற்றியிருந்த சோள மட்டையைப் பிரித்துச் சோளமாவுக் கொழுக்கட்டை தின்றுகொண்டிருக்கிறாள், கோயிலுக்கு என்னைக் கூட்டிப்போக வந்தவள். "இன்னும் எவ்ளோ நேரம்டி? இந்தப் பஞ்சுமூட்டையத் தூக்கறதுக்கா இவ்ளோ முக்கல்?" "உனக்கென்ன, கொடிக்கம்பம் மாதிரி வளந்துட்ட, பேசுவ" என்றேன், பேசியதில் மூச்சு விட மறந்துபோனது. தாமரிஸ் சிரித்தாள். "மிர்னாக்கா, இங்க வந்து பக்கத்துல நில்லுங்க. தோள் எப்படி இருக்கணும்னு இவங்க பாக்கட்டும்." மிர்னா பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், சாதாரணமாகத்தான் கேட்டாள்: "எப்படி நிக்கணும்? அளக்கறப்ப நிக்கற மாதிரியா, சும்மா நிக்கற மாதிரியா?"

அளக்கும்போது என்றால்? இவள் எதற்கு வேறு மாதிரி நிற்கவேண்டும்? "சும்மாதான்" என்றாள் தாமரிஸ், மிர்னா நிமிர்ந்தாள், முட்டி சொடக்கென்றது, கண்ணாடியில் அவள் தலை மேலே போனது, இன்னும் போனது, இவ்வளவு உயரமா இவள், அப்படியானால் கோயிலில் எனக்குப் பின்னால் முட்டியை மடக்கியா நின்றாள்? ராத்திரியெல்லாம் தைலம் தேய்க்கிறாளே அந்த முட்டி, மாடிப்படியைத் திட்டுகிறாளே, கிழவி என்றுகூடக் கேலி செய்தேனே... "எப்பலேருந்துக்கா?" என்றேன். "என்ன எப்பலேருந்து? சீக்கிரம் முடி, அங்க கூட்டம் சேந்துடும்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "மூச்ச விடுங்க" என்றாள் தாமரிஸ். விட்டேன். தோள் தானாக இறங்கியது, நான் ஒன்றுமே செய்யவில்லை, கண்ணாடியில் இரண்டு விரற்கடை குட்டையாகிவிட்டேன், "ஆங், அதேதான்!" என்று தாமரிஸ் கைதட்டினாள். மிர்னா அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு அவள் பாவாடை மெல்லத் தரையைத் தொட ஆரம்பித்தது, நான் இறங்கிய அளவுக்கு அவள் தலையும் கீழே வந்துகொண்டிருந்தது... இப்போது இந்தத் தோளை நான் எங்கே வைப்பது?