வால்கொழுப்பு

பனிப்புயல் வரப்போகிறது என்று தெரிந்தேதான் ஏரிக்குப் போனேன். ஜைசான் ஏரிக்கரையில் ஐம்பத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு அதுகூடவா தெரியாது? மேற்கே வானம் சாம்பலாகக் கிடந்தது. இருந்தும் கடப்பாரை, தூண்டில், கூடாரம், தகர அடுப்பு எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினேன். என் மகள் பகிலா கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க வேண்டியிருந்தது. "அப்பா, அவர் வீட்டுலேருந்து வந்து கூப்பிட்டா என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டிருந்தாள். மீனுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பெரிய வீரன் நான்!

பத்து நாளைக்கு முன்னால் அவள் புருஷன் மெய்ராம் குடித்துவிட்டு வந்து, அவளை முற்றத்தில் தள்ளிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டான். கோட்டும் இல்லை, கையுறையும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி பார்த்து உள்ளே இழுத்துப்போன போது வலது கையில் மூன்று விரல்கள் வெளுத்து மரத்திருந்தன. அந்தக் கையோடுதான் என் வீட்டுக்கு வந்தாள்.

அது இரண்டாவது தடவை. முதல் தடவை, போன வசந்தத்தில், உதடு கிழிந்து வந்தாள். நானே வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்த் திரும்ப விட்டுவிட்டு வந்தேன். கல்யாணம் பேசி முடித்த அன்று சம்பந்தி கல்முராத்தும் நானும் ஒரே தட்டில் ஆட்டு வால்கொழுப்பும் ஈரலும் தின்றிருந்தோமே! எங்கள் ஆட்களில் அதைத் தின்றவன் பேச்சு மாறக்கூடாது. அன்று அவர்கள் வாசலில் இறங்கியதும் பகிலா, "உள்ள வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போங்கப்பா" என்றாள்.

உறைந்து கிடந்த ஏரி நடுவில் கூடாரம் அடித்து, பனிப்பாளத்தில் ஓட்டை போட்டு, தூண்டிலை இறக்கி உட்கார்ந்த அரை மணியில் வெளியே வண்டிச் சத்தம். நரித்தோல் தொப்பியும் தொந்தியுமாகக் கூடாரத்துக்குள் குனிந்து வந்தவர் சாட்சாத் கல்முராத்.

"சலாம் சம்பந்தி! வீட்டுக்குப் போனேன். ஏரிக்குப் போயிருக்கீங்கன்னு பகிலா சொல்லிச்சு. 'மூட்டை கட்டி வைம்மா, அப்பாவ ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்'னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"அப்படியா" என்றேன். வேறென்ன சொல்ல? வந்தவர் விருந்தாளி. "உட்காருங்க. டீ ஊத்தறேன், ரொட்டி இருக்கு."

"நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் உங்க உப்பு என் நாக்குல படாது." கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் வாயை மூடுவதற்குள் காற்று கூடாரத்தை ஓங்கி அறைந்தது. எட்டிப் பார்த்தேன். பத்தடி தள்ளி நின்ற இரண்டு வண்டிகளையும் காணோம், எங்கும் ஒரே வெள்ளை. வெடிப்பு எது, கரை எது என்று தெரியாத அந்த நேரத்தில் ஏரிமேல் வண்டியை எடுப்பவன் பைத்தியக்காரன். யாரிடமிருந்து தப்பி வந்தேனோ அதே மனிதரோடு, முழங்காலும் முழங்காலும் இடிக்கிற கூடாரத்தில் வசமாக மாட்டிக்கொண்டேன்.

நல்ல வேளை, கைக்கு வேலை இருந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓட்டையில் பனி ஆடை கட்டும். அரிகரண்டியால் அள்ளி வெளியே போட வேண்டும். ஈர நூலில் பனி மணி மணியாகப் பிடிக்கும். தூண்டில் நுனி வளையம் அடைத்துக்கொள்ளும். வளையத்தை வாயில் வைத்து ஊதிக் கரைத்து, நூலை விரலால் உருவி, டப்பாவிலிருந்து ஆட்டு வால்கொழுப்பை எடுத்துத் தேய்ப்பேன். கொழுப்பு தேய்த்த நூலில் தண்ணீர் ஒட்டாது. வீட்டில் பாதியைப் பகிலாவின் விரலுக்குப் போட வைத்துவிட்டு மீதிப் பாதியைத்தான் எடுத்து வந்திருந்தேன்.

"மனுஷன் திங்கற வால்கொழுப்ப நூலுக்கா தேய்க்கறீங்க?" என்று சிரித்தார் கல்முராத்.

"உங்களாட்டம் ஐநூறு ஆடு இருந்தா நான் ஏன் சம்பந்தி மீன் பிடிக்க வர்றேன்?"

அன்று முழுக்க அவர் பேசினார், நான் அள்ளினேன். பையன் திருந்திவிட்டான் என்றார். இனிமேல் குடித்தால் நானே தோலை உரிப்பேன் என்றார். குடும்பம் என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும் என்றார். ம் கொட்டக்கூட எனக்குப் பயமாக இருந்தது. ம் என்றால் சரி என்று எடுத்துக்கொள்ளக்கூடிய ஆள் அவர்.

மறுநாள் காலையிலும் காற்று நிற்கவில்லை. நிலக்கரி ஒரு கை அளவுதான் மிச்சம். ரொட்டி தீர்ந்துவிட்டது. கல்முராத்தின் வயிறு போட்ட சத்தம் புயலையும் மீறிக் கேட்டது.

"சம்பந்தி, அந்த டீ..." என்று இழுத்தார்.

"நான் இன்னும் சரின்னு சொல்லலையே?"

"டீல ஏது உப்பு? அது சேத்தி இல்ல."

எரிச்சலோடு எரிச்சலாக எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊற்றிக் கொடுத்தேன். கரண்டியையும் அவர் கையில் கொடுத்து, ஓட்டையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுப்பைக் கிளறத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால் மனிதர் தூங்கி வழிகிறார். ஓட்டை மூடி, நூல் பனிக்குள் இறுகிவிட்டது.

"யோவ்!" என்று கத்திவிட்டேன். சம்பந்தியை யாராவது யோவ் என்பார்களா?

"அஞ்சு நிமிஷம் கண்ணசந்துட்டேன். அதுக்குள்ளயா இப்படி ஆவும்?"

"இந்தக் குளிருக்கு அஞ்சு நிமிஷம் போதும். உங்க பையன் என் பொண்ண எவ்வளவு நேரம் வெளிய நிக்க வெச்சான்?"

"அட, ஒரு மணி நேரம்கூட இருக்காது சம்பந்தி. அதப் போயி பெருசு பண்றீங்களே."

கடப்பாரையை எடுத்துப் பனியைக் குத்தினேன். நூல் அறுந்துவிடாமல் பார்த்துப் பார்த்துக் குத்தினேன். ஓட்டை திறந்தது, நூல் ஆடியது. ஆடியதோடு நிற்காமல் கீழே இழுத்தது. இழுத்துப் போட்டால், தாடையில் ஒற்றை மீசை வைத்த கொழுத்த நலிம் மீன்! வயிற்றைக் கீறினேன். கைகொள்ளாத ஈரல் சரிந்து விழுந்தது.

கல்முராத் தொடையைத் தட்டினார். "பாத்தீங்களா சம்பந்தி! டப்பாவுல வால்கொழுப்பு இருக்கு, ஈரல ஆண்டவன் ஏரியிலேருந்து அனுப்பிட்டான். ஆட்டு ஈரலா இருந்தா என்ன, மீன் ஈரலா இருந்தா என்ன? இன்னொரு தடவ தின்னு பழச மறப்போம்."

"கொழுப்பு நூலுக்கு வேணும்."

"காத்துதான் அடங்கிடுச்சே, கேக்கலையா? வண்டிய எடுக்கப் போறோம். இனிமே நூல் எதுக்கு?"

உண்மைதான். கூடாரத் துணி ஆடவில்லை. வெளியே வெயில்கூட அடித்தது. எனக்கு இருந்த ஒரே சாக்கும் போய்விட்டது.

அவர் அடுப்பு மூடியிலேயே ஈரலை வாட்டினார். கொழுப்பில் ஒரு வில்லை வெட்டி ஈரலோடு சேர்த்து என் வாய்க்கு நேரே நீட்டினார். சம்பந்திக்குச் சம்பந்தி ஊட்டிவிடுவதுதானே முறை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் வாய் பாதி திறந்துவிட்டது. அத்தனை வருஷப் பழக்கம். அப்போதுதான் அவர் விரல்களைப் பார்த்தேன். ஐந்தும் கொழுத்த விரல்கள், எண்ணெய் வழிந்து மினுமினுத்தன. அதே கொழுப்பைத்தான் வீட்டில் என் மகள் கறுத்துப்போன விரல்களில் தடவிக்கொண்டிருப்பாள்.

"நான் தின்ன மாட்டேன்" என்றேன்.

"என்ன?"

"ஈரலச் சாப்பிடுங்க. நீங்க விருந்தாளி, பசியோட அனுப்ப மாட்டேன். கொழுப்ப டப்பாவுல போடுங்க. பகிலா வரமாட்டா."

"ஒரு தடவ தின்ன வாயி சம்பந்தி! ஊரு என்ன பேசும்?"

"தின்னது நான். போனது அவ விரல். இந்தப் பெய்சென் வாக்கு மாறினவன்னு ஊருக்கு நானே சொல்லிக்கறேன்."

கல்முராத் கொழுப்பு வில்லையை டப்பாவில் போட்டார். ஈரலை மட்டும் மிச்சம் வைக்காமல் தின்றார், பாவம், அவ்வளவு பசி. சலாம்கூடச் சொல்லாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

நான் கூடாரத்தைப் பிரித்துக் கட்டிக்கொண்டு வீடு சேர மத்தியானம் ஆயிற்று. கதவைத் திறந்தால், வாசலை ஒட்டிய பெட்டிமேல் பகிலா உட்கார்ந்திருந்தாள். கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு. தலையில் சால்வை. மடியில் மூட்டை. நேற்று மாமனார் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அப்படியே இருந்திருக்கிறாள்.

"அவர் கார் நிக்காமப் போயிடுச்சுப்பா" என்றாள். "நீங்களே கொண்டுபோய் விடறீங்களா?"

டப்பாவை அவளிடம் நீட்டினேன். இடது கையால் திறந்து பார்த்தாள். கொழுப்பும், வெட்டிய வில்லையும் அப்படியே இருந்தன.

"தின்னலையா?"

"இல்லம்மா."

டப்பாவை மூட்டைமேல் வைத்துவிட்டுக் கழுத்துப் பொத்தானைக் கழற்றப் பார்த்தாள். கட்டுப் போட்ட விரல்கள் மடங்கவில்லை. நான் மண்டியிட்டு, நாலு பொத்தான்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டேன்.