மூடி வந்த சீர்

எட்டாம் மாதப் பௌர்ணமியன்று காலையில் மாப்பிள்ளை வீட்டுச் சீர் வந்து இறங்கியபோது மியென் பின்கட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை லுவானின் பெரியம்மா சுயென் சைக்கிள் ரிக்ஷாவை விட்டு இறங்கி, சிவப்பு அரக்குப் பூசிய வட்டப் பெட்டியை இடுப்போடு அணைத்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்தாள். சந்து முழுக்கப் பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் அவளும் மெதுவாக நடந்தாள்.

"உங்க சந்து வருஷா வருஷம் நீண்டுக்கிட்டே போகுது," என்றாள் உள்ளே வந்து உட்கார்ந்து.

"நீங்க வருஷா வருஷம் அகலமாகிட்டே போறீங்க, சம்பந்தி," என்றார் மியெனின் அப்பா. மனைவி இறந்த பிறகு அவர் செய்த முதல் கேலி அது. சொல்லிவிட்டு, சொல்லியிருக்கலாமா என்பதுபோல மகளைப் பார்த்தார்.

மியென் கையைத் துடைத்துக்கொண்டு வந்து இரண்டு கைகளாலும் பெட்டியை வாங்கினாள். தோள்கள் இறங்கின, கனம்தான் என்று அதை வைத்துத் தெரிந்துகொண்டாள். உள்ளே தாமரை இலையில் மடித்து வைக்கோலால் கட்டிய பச்சை அவல், தக்காளிபோல நன்றாகச் சிவந்த ஹோங் பழங்கள், ஒரு பொட்டலம் தேயிலை, சுட்ட நிலா கேக் ஒன்று, சுடாத வெள்ளைக் கேக் ஒன்று. நிச்சயம் செய்த பெண்ணுக்கு ஹனோயில் இலையுதிர் காலத்தில் வருகிற சீர். பச்சையும் சிவப்புமாக, குறையில்லாமல் இருந்தது.

"அவல் இன்னிக்கு இடிச்சது. லுவான் விடியக்காலையில கிராமத்துக்கே போய் வாங்கினான்," என்றாள் சுயென். "பஸ் டிரைவருக்கு என்ன, நினைச்ச இடத்துல நிறுத்திக்கலாம்."

"பஸ்ல ஆளுங்களை வச்சுக்கிட்டா?" என்றார் அப்பா.

"ஆளுங்களும் இறங்கி வாங்கினாங்களாம். ஒருத்தர் ரெண்டு பொட்டலம்."

அப்பா சிரித்தார். மியென் தேநீர் ஊற்றினாள். சுயென் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள்.

"கல்யாணத்தைப் பத்திக் கேட்டுட்டு வான்னு என் தங்கச்சி சொல்லி அனுப்பினா. நான் கேக்கப் போறதில்ல. துக்க வீட்டுல என்னத்தைக் கேக்கறது. பெட்டி திரும்பி வரும்ல, அது சொல்லும். நான் பக்கத்துத் தெருவுல சாப்பிட்டுட்டு மத்தியானம் வந்து எடுத்துக்கறேன்."

பெட்டி எப்படிப் பேசும் என்பது அந்தச் சந்தில் எல்லோருக்கும் தெரியும். பெண் வீட்டார் சீரில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு ஒரு பங்கைத் திருப்பி வைப்பார்கள். கத்தி படாமல் கையால் பிரிக்க வேண்டும். பெட்டியை மூடக் கூடாது. மூடியை மல்லாத்திப் பக்கத்தில் வைத்துத் திறந்தபடியே கொடுக்க வேண்டும். மூடிக் கொடுத்தால், உங்களோடு எங்களுக்கு முடிந்தது என்று அர்த்தம்.

அப்பா பெட்டியை முன்னோர் மாடத்தில் வைத்து ஊதுபத்தி ஏற்றினார். தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் அம்மாவின் படம் இன்னும் புதிதாக இருந்தது. "லுவான் வீட்டுச் சீர் வந்திருக்கு, பாரு," என்று அதனிடம் சொன்னார். சொல்லும்போது குரல் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. மகளுக்கு ஒரு வீடு இருக்கிறது என்பது மட்டும்தான் இப்போது அவரிடம் மிச்சமிருந்த நல்ல செய்தி. பத்தி எரிந்து முடிந்ததும் பெட்டியை இறக்கி மியெனிடம் கொடுத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார்.

மியென் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து பிரித்தாள். சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் துளை போடுகிற வேலை அவளுக்கு. துணி வரும், கை தள்ளும், ஊசி இறங்கும், துணி போகும். அம்மா போன பிறகு வீட்டு வேலையும் அப்படியே ஆகிவிட்டிருந்தது. கை அரிசி களைந்தது, கை துணி துவைத்தது. அவள் சற்றுப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழவில்லை என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்ததுதான். அழக் கூடாது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கவில்லை. அழுகை இருக்க வேண்டிய இடத்தில் போய்ப் பார்த்தாள், அங்கே ஒன்றும் இல்லை. அவ்வளவுதான்.

இரண்டாம் மாதத்தில் அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது லுவானின் அம்மா ஒரு பையில் சிவப்புக் கல்யாண அங்கியை மடித்து எடுத்து வந்தாள். இன்றே, இங்கேயே, நாலு பேர் நடுவில் முடித்துவிடலாம். உயிர் போய்விட்டால் துக்கம் குறுக்கே வந்துவிடும், அப்புறம் காத்திருக்க வேண்டும் என்றாள். வழக்கத்தில் இல்லாத ஒன்றையும் அவள் சொல்லிவிடவில்லை. மியென் முடியாது என்றாள். அம்மாவுக்குக் காது கேட்டுக்கொண்டிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் சிவப்பு உடுத்தி நின்றால், தான் சாகப் போவது அம்மாவுக்குத் தெரிந்துவிடும். மறுநாள் விடியலில் அம்மா போய்விட்டாள். என்ன பாசம் என்று எல்லோரும் சொன்னார்கள். பாசமா என்று மியெனுக்குத் தெரியவில்லை. அந்த அங்கி பைக்குள் திரும்பிப் போனதைப் பார்த்தது மட்டும் ஞாபகம் இருந்தது. அதோடு வேறு என்னவெல்லாம் போயிற்று என்று அவள் அப்போது கவனிக்கவில்லை.

அவலில் பாதியைத் தனி இலைக்கு மாற்றினாள். பழங்களில் பாதி, கேக்கில் ஒன்று. பங்கு சரியாக இருந்தது. திருப்பிக் கொடுப்பதைப் பெட்டிக்குள் அடுக்கினாள். பிறகு மூடியை எடுத்து வைத்தாள். அரக்கு அரக்கோடு பொருந்துகிற சின்னச் சத்தம் கேட்டது.

மத்தியானம் சுயென் வாசலிலேயே நின்று கையை நீட்டினாள். பெட்டியைப் பார்த்தாள், மியெனைப் பார்த்தாள். "அப்பா தூங்குறாரா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். போகும்போது வேகமாக நடந்தாள்.

சாயங்காலம் சந்தின் முனையில் நிலாப் படையலுக்கு மேசை போட்டார்கள். டீக்கடை தோவா பம்பளிமாஸ் சுளைகளைக் குச்சியில் குத்தி நாய் செய்துகொண்டிருந்தாள். கண்ணுக்குக் கறுப்புப் பயறு. பிள்ளைகள் கண்ணாடிக் காகித நட்சத்திர விளக்குகளோடு அவளைச் சுற்றி நின்று, இது நாயா பன்றியா என்று சண்டை போட்டார்கள்.

"குலைக்கிற வரைக்கும் நாய்தான், போங்க," என்று விரட்டிவிட்டு, கையைத் துடைத்தபடி மியெனின் வாசலுக்கு வந்தாள் தோவா. குரலைத் தாழ்த்தினாள்.

"ஏண்டி, பெட்டியை மூடியா கொடுத்தே?"

"ஆமாக்கா."

"அந்த அம்மா என் கடையைத் தாண்டித்தான் போச்சு. முகத்தைப் பாத்தேன். மறந்துட்டியா?"

மியென் பதில் தேடுவதற்குள் உள்ளேயிருந்து அப்பா எழுந்து வந்துவிட்டார். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூடிட்டியா?"

"மூடிட்டேன் போலப்பா."

"போலன்னா என்னம்மா? மறந்துட்டேன்னு சொல்லு. துக்க வீடு, யாருக்கும் புரியும். நானே போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

"நல்ல நாளும் அதுவுமா சட்டையில துக்கக் கறுப்புத் துணி குத்திக்கிட்டு அவங்க வீட்டு வாசல்ல போய் நிக்கப் போறீங்களா?" என்றாள் தோவா. "சும்மா இருங்க. அந்தப் பையன் வருவான். வராம இருக்க மாட்டான். வந்தா மறந்துட்டேன்னு சொல்லு மியென், தலையே போகாது."

மறந்துட்டேன். மியென் அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்துப் பார்த்தாள். அது பொய்யாகவும் தோன்றவில்லை, உண்மையாகவும் தோன்றவில்லை. அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். விளக்கு போடவில்லை.

இருட்டுகிற நேரத்தில் லுவான் வந்தான். டிரைவர் சட்டையோடு, பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு. மூடி அப்படியே இருந்தது. உள்ளே வராமல் வாசற்படியில் உட்கார்ந்து பெட்டியைப் பக்கத்தில் வைத்தான். மியென் கதவோரம் நின்றாள்.

"அம்மா இதைத் திறக்கவே இல்ல. போய்ப் படுத்துட்டாங்க," என்றான். "பெரியம்மா மட்டும் சோறு சாப்பிட்டாங்க. யார் செத்தாலும் அவங்க சாப்பிட்டுடுவாங்க."

சொன்ன பிறகுதான் எந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தான். அவளுக்குச் சுருக்கென்றுகூட இல்லை. இல்லை என்பதை அவன் பார்த்துவிட்டான். அதுதான் அவன் முகத்தை மாற்றியது.

"மியென், மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நானே மூடியை எடுத்துட்டுக் கொண்டுபோறேன். அதோட முடிஞ்சுது."

"மறக்கல."

"அப்புறம்?"

"கை மூடிச்சு. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நிறுத்தணும்னு தோணல."

அவன் பெட்டியின் விளிம்பை விரலால் தடவினான்.

"என்னைப் பிடிக்கலையா?"

"உங்களைப் பிடிக்கலன்னு தோணல. எதுவும் வேணும்னும் தோணல. பசிச்சா சாப்பிடறேன், நேரமானா படுக்கறேன். இப்படியே உங்க வீட்டுக்கு வந்தா உங்கம்மாவுக்கு ஒரு மருமக கிடைப்பா. நல்லா வேலை செய்வா, பிள்ளையும் பெத்துக் கொடுப்பா. உள்ள யாரும் இருக்க மாட்டாங்க."

"எங்கம்மாவுக்கு அது போதும்," என்றான், சிரிக்கப் பார்த்து. பிறகு, "எனக்குப் போதாது," என்றான்.

"அதான்."

உள்ளே இருட்டில் அப்பாவின் நாற்காலி கிறீச்சிட்டது. லுவான் எழுந்து பெட்டியைத் தூக்கினான். "சரி, வரேன்," என்றான். வருகிறேன் என்பதைத் தவிர வேறு சொல் அவனுக்குக் கிடைக்கவில்லை என்று மியென் நினைத்துக்கொண்டாள். ஒரு நல்ல மனிதர் போகிறார் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அடுத்த வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னதுபோல இருந்தது.

மேளம் கேட்டது. சிங்கம் வந்துகொண்டிருந்தது, அட்டைத் தலைக்குள் ஒரு பிள்ளை, துணி வாலுக்குள் இரண்டு பிள்ளைகள், முன்னால் தொந்திச் சாமி முகமூடி போட்டு விசிறி ஆட்டிக்கொண்டு ஒரு பொடிசு. துக்க வீட்டு வாசலில் சிங்கம் ஆடாது. மியென் வீட்டுக்கு முன்னால் மேளத்தை நிறுத்தி, ஓசைப்படாமல் நடந்து, தாண்டியதும் மறுபடி அடித்தார்கள். டீக்கடைத் திருப்பத்தில் லுவானைப் பிடித்துக்கொண்டார்கள். சிங்கம் வழியை மறித்து வாயைத் திறந்து திறந்து மூடியது. ஏதாவது போட்டால்தான் விடும்.

லுவான் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான். ஒன்றும் இல்லை. தொந்திச் சாமி அவனைச் சுற்றிச் சுற்றி ஆடியது. பிறகு விசிறியை இடுப்பில் செருகிக்கொண்டு, யாரையும் கேட்காமல், எட்டிப் பெட்டியின் மூடியைத் தூக்கிவிட்டது.

தோவா வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பிள்ளைகளுக்கு என்ன தெரியும், அவர்கள் மேளத்தை இன்னும் பலமாக அடித்தார்கள். லுவான் திறந்த பெட்டியோடு நின்றான். சற்றுக் கழித்து ஒரு ஹோங் பழத்தை எடுத்துச் சிங்கத்தின் வாயில் போட்டான். இன்னொன்று. கேக்கைப் பிட்டுக் கொடுத்தான். நீண்ட கைகளிலெல்லாம் பச்சை அவலை அள்ளி வைத்தான். நிலா கூரைகளுக்கு மேலே வந்திருந்தது. பிள்ளைகள் மெல்லுவதுகூட வாசலிலிருந்து தெரிந்தது.

மியென் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் எப்போதும்போலத்தான் பார்த்தாள். பிறகு தொண்டைக்குக் கீழே என்னவோ ஒன்று, செருப்புக்குள் அகப்பட்ட சிறு கல் மாதிரி, உறுத்தியது. அது துக்கமில்லை. அன்பு என்றும் சொல்ல முடியாது. அவள் அதைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். எனக்கு வந்தது, என்னுடையதைத் தின்கிறார்கள் என்ற எண்ணம். சின்னப் பிள்ளைத்தனமான, வெட்கங்கெட்ட கருமித்தனம். இவ்வளவு அற்பமான ஒன்றுதானா என்று இருந்தது. ஆனால் இரண்டாம் மாதத்துக்குப் பிறகு அவளுக்கு ஏதோ ஒன்று வேண்டும் என்று தோன்றியது இதுதான் முதல் தடவை. நின்று யோசித்தால் போய்விடும் என்று பயந்தாள்.

படியிறங்கி நடந்தாள். சட்டையில் கறுப்புத் துணியோடு அவள் வருவதைப் பார்த்து ஜனங்கள் விலகினார்கள். மேளம் தானாக நின்றது.

"எனக்கு?" என்றாள்.

லுவான் பெட்டியைச் சாய்த்துக் காட்டினான். இலையின் மடிப்பில் கொஞ்சம் அவல் ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இலையை எடுத்து அவள் உள்ளங்கையில் தட்டினான். அவள் வாயில் போட்டு மென்றாள். அவசரப்பட்டால் அவல் ஒன்றும் தராது. அவள் வெகுநேரம் மென்றாள். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"ருசி தெரியல. ஆனா வேணும்னு இருந்துச்சு."

அவன் தலையை ஆட்டினான்.

"உங்கம்மாகிட்ட இதை மட்டும் சொல்லுங்க. கூட்டிச் சொல்லிடாதீங்க."

"அவல் சாப்பிட்டான்னு சொல்றேன். சொல்லிட்டு நாளைக்கு வரேன்."

"கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்னு சொல்லுங்க. அப்பதான் சரியா இருக்கும்."

"என்னப்பா, படையலைக் கலைக்கலாமா, இல்ல இவங்க பேசி முடிச்சப்புறமா?" என்றாள் தோவா. குரல் கரகரத்திருந்தது. பிள்ளைகள் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை, மேசையின் மேல் விழுந்தார்கள்.

மியென் வீட்டுக்குத் திரும்பி வந்து விளக்கைப் போட்டாள். அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"அவன் போயிட்டானா?"

"போயிட்டாரு. அம்மாகிட்ட பேசிட்டு நாளைக்கு வருவாரு."

"பெட்டி?"

"பிள்ளைங்க காலி பண்ணிட்டாங்க."

அவருக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல அவளிடமும் தெம்பு இல்லை. பாயில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"நானும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்பா," என்றாள்.

அவள் மிச்சம் வைத்த சோற்றையெல்லாம் மாதக்கணக்கில் எடுத்துக் கொட்டிக்கொண்டிருந்த மனிதர் எழுந்தார். உள்ளே போய், காலையில் அவள் பிரித்து எடுத்து வைத்திருந்த அவல் பங்கை, இலை பிரிக்காமல், அவள் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்.