பார்க்கலாம், எழுதக் கூடாது

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. வாக்காளர் பட்டியலில் என் பெயர் இருக்கிறதா என்று பார்க்கப் போன இடத்தில் ஒரு தபால்காரம்மா என் தலையில் கட்டியது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஜனநாயகத்தின் இதயமான அந்த அலுவலகத்தில்...’ (இதயமாம், மண்ணாங்கட்டி! அங்கே மின்விசிறிகூட ஓடவில்லை.)

2
மாடி அறையின் கதவில் ‘பொதுமக்கள் பார்வைக்கு’ என்று ஒட்டியிருந்தது. பேனாவையும் போனையும் கீழே வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

தபால்காரம்மா பட்டியலைப் புரட்டினார். அவர் கடிதம் கொடுக்கும் ஒரே தெருவில் பத்தொன்பது பேரை ‘குடிபெயர்ந்தோர்’ என்று நீக்கியிருந்தார்கள்.

“குடிபெயர்ந்துட்டாங்களா? காலையில இவங்க கையில தபால் குடுத்துட்டுத்தானே வரேன்!”

“பேரைத் திரும்பச் சேர்க்கணும்னா கீழ படிவம் குடுங்கம்மா. இன்னைக்கு நாலு மணியோட கடைசி,” என்றார் எழுத்தர். “வரிசை எண் இல்லாட்டி வாங்க மாட்டோம்.”

“அப்ப நம்பரை எழுதிக்கிறேன்.”

“பார்க்கலாம். எழுதக் கூடாது.”

(இந்த எழுத்தர்மேல் கொஞ்சம் இரக்கம் வருகிற மாதிரி ஒரு பத்தி எழுதினேன். கிழித்துவிட்டேன்.)

3
பெயர்கள் அவருக்கு மனப்பாடம். எண்கள்? ஒவ்வொன்றும் ஐந்து இலக்கம். வரிசையில் நின்ற எங்களைத் திரும்பிப் பார்த்தார். ஆளுக்கொரு எண்ணைப் பங்கு போட்டார்.

“சார், உங்களுக்குத் தையல்கார அக்கா. நாலு... (மீதியை எழுத முடியவில்லை. காரணம் வருகிறது.) சொல்லிக்கிட்டே கீழ இறங்குங்க. யார்கிட்டயும் பேச்சுக் குடுக்காதீங்க.”

போனைத் திரும்ப வாங்கியதும் தெருவையே வரவழைத்தார்.

4
முடிவு ஒன்று: பத்தொன்பது படிவங்களும் போய்ச் சேர்ந்தன. (அழகாக இருக்கிறது. பொய்.)

முடிவு இரண்டு: படிக்கட்டில் என் பழைய நண்பன், “எப்படிடா இருக்கே?” என்றான். “நல்லா இருக்கேன்” என்றேன். அவ்வளவுதான். எண் போயே போச்சு.

மேலே ஓடினேன். பார்வை நேரம் மூன்றரையோடு முடிந்ததாம். கதவு சாத்தியிருந்தது.

5
வெட்கத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத வயிறு எரிகிறது. மறந்தது என் குற்றம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருவருடைய ஓட்டு எதற்காக வழிப்போக்கன் ஒருவனின் ஞாபகத்தில் தொங்க வேண்டும்? பட்டியல் எங்களுடையதா, அவர்கள் வீட்டு நகைப்பெட்டியா?

மூன்றாவது முடிவை நான் எழுதப் போவதில்லை. கீழே மணி நான்காகப் பத்து நிமிடம். பதினெட்டுப் படிவங்கள் உள்ளே போய்விட்டன. தையல்கார அக்கா கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்து, கையெழுத்துப் போட்ட படிவத்தை நீட்டுகிறார். ஒரே ஒரு கட்டம் காலி. என் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். அவர் உங்களைத்தான் கேட்கிறார்:

“என் நம்பர் உங்ககிட்ட இருக்காமே, சொல்லுங்க.”