வரிசையில் நிற்கும் எதிரிகள்

எங்கள் புது வீடியோ கேமின் விமர்சனங்கள் காலை பத்து மணிக்கு முன்னால் வெளியாகக் கூடாது என்று ஒப்பந்தம். பத்தானதும் எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் அவரவர் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். நான் மட்டும் காலை நீட்டிக்கொண்டு காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமில்லை. இந்த விளையாட்டின் சண்டை முழுவதையும் வடிவமைத்தவள் நான். எந்த எதிரி எப்போது ஈட்டியை ஓங்குவான், எந்த அடி எலும்பில் விழும், எந்த அடி காற்றில் போகும் என்பதையெல்லாம் உட்கார்ந்து இழைத்தவள். நல்ல வேலை செய்தவளுக்கு அது நல்ல வேலை என்று தெரியும். இதில் அடக்கம் காட்ட எனக்கு வராது.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 'சாம்பல் மலை' என்று எங்கள் நிறுவனம் முன்பு ஒரு மாயாஜால வீடியோ கேம் செய்தது. நிதானமான ஆட்டம். மந்திரவாதி ஒரு அடி வைப்பார், பிறகு அரக்கன் ஒரு அடி வைப்பான், நடுவில் நீங்கள் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வரலாம். அதற்கு உயிரை விடும் ரசிகர்கள் உண்டு. அந்தக் கதையில் வழியோரத்தில் விறகு விற்கும் ஒருத்தி வருவாள். அவளுக்கு மொத்தமே இரண்டு வசனம். அவளை நாயகியாக்கி, கையில் கோடாரியைக் கொடுத்து, கிளைக்கதையாக ஒரு வெட்டுக்குத்து ஆட்டம் செய்தோம். பெயர் 'கோடாரிக்காரி'. யோசிக்க நேரம் கிடையாது. வெட்டிக்கொண்டே போக வேண்டும். எங்கள் மந்திரவாதியை அவமானப்படுத்திவிட்டீர்கள் என்று பழைய ரசிகர்கள் முன்கூட்டியே திட்டத் தொடங்கியிருந்தார்கள். திட்டட்டும், கோடாரியைக் கையில் எடுத்ததும் வாயை மூடிக்கொள்வார்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்தது தராசின் விமர்சனம். அது அந்த ஆளின் புனைபெயர். எங்கள் தொழிலில் எல்லாரும் அவர் வாயைத்தான் பார்ப்பார்கள். அவர் எழுதியிருந்தது இது:

"கோடாரியின் கனம் கைக்குத் தெரிகிறது, பாராட்டுகிறேன். ஆனால் எதிரிகள் வரிசையில் நிற்கிறார்கள். ஒருவன் அடிவாங்கி விழும்வரை மற்றவர்கள் ஈட்டியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள். அவன் செத்தபின் அடுத்தவன் வருகிறான். இவ்வளவு மரியாதை தெரிந்த அரக்கர்களை நான் கண்டதில்லை. பத்துக்கு நான்கு."

அடுத்த விமர்சனமும் அதையேதான் சொன்னது. டோக்கன் வாங்கிக்கொண்டு வங்கியில் உட்கார்ந்திருப்பதுபோல எதிரிகள் உட்கார்ந்திருக்கிறார்களாம். அதற்கடுத்ததும் அப்படித்தான். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பச்சைப் பொய். என் எதிரிகள் யாருக்காகவும் நிற்க மாட்டார்கள். மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு மொத்துவார்கள். இவர்கள் எந்த விளையாட்டை விளையாடினார்கள் என்று நான் மேஜையைத் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தபோது வீட்டிலிருந்து அப்பா கூப்பிட்டார்.

"ஏம்மா, இந்தத் தராசுன்றவன் யாரு?"

"நீங்க எதுக்குப்பா அதெல்லாம் படிக்கறீங்க?"

"எம்பொண்ணு செஞ்சத எவனோ திட்டறான், படிக்காம இருப்பேனா? எதிரிங்க நிக்கறாங்களாமே. யாருக்கு நிக்கறாங்க? அந்த மொதப் பாலத்தத் தாண்ட நான் என்ன பாடுபட்டேன்னு எனக்குத்தான் தெரியும். இவனுக்கு விளையாடத் தெரியல, அதான் விஷயம்."

மேஜையைத் தட்டுவதை நிறுத்தினேன். ஏனென்றால் எதிரிகள் உண்மையிலேயே நிற்கிற வீடு ஒன்று உலகத்தில் இருந்தது. அது எங்கள் வீடு.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பயிற்சிக்கென்று வீட்டுக்கு வரும் பெண் ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். அவர் அதை அலமாரிக்கு அடியில் உருட்டி விட்டுவிட்டு, காணோம் என்றார். பந்துக்குப் பதில் எங்கள் விளையாட்டின் கன்ட்ரோலரைக் கொடுத்தால் பிடிப்பாரா என்று பார்த்தேன். பிடித்தார். ஆனால் பாலத்தில் நிற்கும் முதல் கும்பலே அவரைப் பந்தாடியது. அதனால் அவருக்குத் தெரியாமல் என் கணினியில் இருந்த ஆட்டத்துக்குள் ஒரு தனி அமைப்பைச் செய்து, அந்தப் பிரதியை வீட்டில் போட்டேன். எதிரிகள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். அவர் கட்டைவிரல் பித்தானை அமுக்கும்வரை பொறுத்திருப்பார்கள். மெல்ல மெல்லக் கட்டைவிரல் மடங்க ஆரம்பித்தது. பயிற்சிப் பெண் ஆச்சரியப்பட்டாள். அப்பா பாலத்தைத் தாண்டினார், கோட்டையைப் பிடித்தார், பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அளந்துவிட்டார். தான் ஜெயித்துக்கொண்டிருப்பதாகவே அவர் நம்பினார்.

போனை வைத்துவிட்டு நேரே எங்கள் தயாரிப்பு மேலாளரிடம் போனேன். அவர் செல்லப்பெயர் அவசரம். கையெழுத்தைக்கூடப் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிற ஆள்.

"விமர்சகர்களுக்கு அனுப்புன பிரதிய எங்கேருந்து எடுத்தீங்க?"

"உன் கம்ப்யூட்டர்லேருந்துதான். நீ அன்னிக்கு லீவு. மத்ததெல்லாம் நடுவுல நின்னு நின்னு போச்சு, உன்னுது ஒண்ணுதான் ஒழுங்கா ஓடுச்சு. ஏன்?"

ஏன் என்று சொன்னேன். அவர் நாற்காலியில் உட்காரப் போய் நாற்காலியில்லாத இடத்தில் உட்கார்ந்தார். சிரிக்கிற நிலையில் யாரும் இல்லை.

எங்கள் தலைவியை நாங்கள் மேடம் என்போம். அவர் கத்த மாட்டார். கத்தினால்கூடத் தேவலை என்று இருக்கும். இந்த ஆட்டம் விழுந்தால் அடுத்த ஆட்டத்துக்குப் பணம் போட ஆளில்லை, சண்டைக் குழுவைத்தான் முதலில் கலைப்பார்கள் என்று எனக்குத் தெரிந்ததையே அமைதியாக எடுத்துச் சொன்னார்.

"தொழில்நுட்பக் கோளாறுன்னு ஒரு வரி போட்டுட்டு சரியான பிரதிய அனுப்பிரலாம்," என்றார் அவசரம்.

"முடியாது," என்றார் மேடம். திரையை எங்கள் பக்கம் திருப்பினார். தராசு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். பிரதியின் கோப்புகளைக் குடைந்து பார்த்திருக்கிறார். 'அப்பாவுக்கு' என்று பெயர் வைத்த ஓர் அமைப்பு உள்ளே ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார். யாருடைய அப்பா, இது உண்மையான ஆட்டம்தானா என்று கேட்டிருந்தார். கேள்வியில் கிண்டல் இல்லை. அந்த ஆள் மேல் எனக்கு முதல்முறையாக ஒரு மரியாதை வந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"உள்ளத உள்ளபடி சொல்லிரலாம்," என்றேன். "ஆனா சாயங்காலம் வரைக்கும் பொறுங்க. எங்கப்பா இத நெட்டுல படிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது. நான் சொல்லணும்."

மேடம் தலையசைத்தார்.

வீட்டுக்குப் போனபோது அப்பா சோபாவில் உட்கார்ந்து டேப்லெட்டில் இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தார். அம்மா எதிரில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"காலைலேருந்து அந்தாளுக்குப் பதில் எழுதறார்," என்றாள் அம்மா. "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டப்பக்கூட இவ்வளவு யோசிச்சு ஒரு வரி எழுதுனதில்ல."

"கேளு," என்றார் அப்பா, வாசித்தார். "ஐயா, ஒரு கை சரியாக வராத நான் நீங்கள் சொல்லும் எதிரிகளை நேருக்கு நேர் வென்றிருக்கிறேன். அவர்கள் யாரும் எனக்காக நிற்கவில்லை."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. "நின்னாங்கப்பா," என்றேன். "உங்களுக்காகத்தான் நின்னாங்க. நான்தான் நிக்க வெச்சேன்."

முழுவதையும் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது, அவசரம் என்ன செய்தார், சாயங்காலம் என்ன அறிவிக்கப்போகிறோம், எல்லாம். அப்பா டேப்லெட்டைத் தொடை மேல் கவிழ்த்து வைத்தார்.

"கோட்டையப் புடிச்சது?"

"அதுவும்தான்."

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

அம்மா ஒரே துண்டை இரண்டாவது தடவை மடித்தாள். அவளுக்குத் தெரியும்.

"சின்ன வயசுல என்கூடச் சீட்டு விளையாடுவியே," என்றார் அப்பா. "ஒரு தடவையாவது உனக்கு விட்டுக்குடுத்திருக்கேனா?"

"இல்ல. நான் அழுதாக்கூட விட்டுக்குடுக்க மாட்டீங்க."

"ஏன்னு நினைக்கறே?"

"ஈவிரக்கம் இல்லாததால," என்றேன். எனக்கு அப்படித்தான் பேச வரும்.

அவர் சிரிக்கவில்லை. "நீ ஜெயிச்சா அது நீ ஜெயிச்சதா இருக்கணும்னு. விட்டுக்குடுக்கறதுன்னா சொல்லிட்டு விட்டுக்குடு. எனக்குக் கைதான் போச்சு."

கன்ட்ரோலரை இடது கையால் எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டு மூடினார். எழுதிய பதிலை அழித்தார். இந்தத் தண்டனை எனக்கு வேண்டியதுதான் என்று நினைக்கிற ஆள் நான் இல்லை. அந்த விரல் மடங்கியதே, அது பொய்யா? அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அம்மா கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

அறிவிப்பை நானே எழுதினேன். வலது கை பலவீனமான ஒருவருக்காகச் செய்த அமைப்பு தவறுதலாக உங்கள் பிரதியில் சேர்ந்துவிட்டது, இதோ உண்மையான ஆட்டம் என்று நான்கே வரி. இன்னொரு காரியமும் செய்தேன். கை முடியாதவர்கள் வெளியே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்த அமைப்பை அழிக்காமல் ஆட்டத்தின் முகப்பிலேயே எல்லார் கண்ணுக்கும் தெரிகிறபடி வைத்தேன். 'இதைத் தேர்ந்தெடுத்தால் எதிரிகள் உங்களுக்காகக் காத்திருப்பார்கள்' என்று வெளிப்படையாக எழுதினேன். மேடம் படித்துவிட்டு ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

அதன்பிறகு காற்று எங்கள் பக்கம் திரும்பியது. விமர்சகர்கள் ஒவ்வொருவராகத் திரும்ப விளையாடினார்கள். நான்கு கொடுத்தவர்கள் ஏழு கொடுத்தார்கள், சிலர் எட்டு. கதை மெலிசு, விறகுக்காரிக்கு இன்னும் நாலு வசனம் கொடுத்திருக்கலாம் என்று குறை சொன்னார்கள். அது என் இலாகா இல்லை. சண்டையைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை, புகழ்ந்ததைத் தவிர. அவசரம் எல்லாருக்கும் கேக் வாங்கிவந்து, கத்தி வாங்க மறந்துவிட்டார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் வீட்டு வாசலைத் தாண்டினால் அது தங்கவில்லை. இழுப்பறை மூடியபடியே இருந்தது. அப்பா தொலைக்காட்சியில் வானிலை பார்த்தார். வலது கை மடியில் சும்மா கிடந்தது. பயிற்சிப் பெண் புதிதாக ஒரு ரப்பர் பந்து கொண்டுவந்தாள். அதுவும் காணாமல் போனது.

தராசு மட்டும் அவசரப்படவில்லை. கடைசி ஆளாக எழுதினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அது வந்தது. நான் என் அறையில் படித்துவிட்டு வெளியே வந்தால், அப்பாவும் டேப்லெட்டை மூக்கருகில் வைத்துக்கொண்டு அதையேதான் படித்துக்கொண்டிருந்தார். விளையாடுவதைத்தான் விட்டிருந்தாரே தவிர, எனக்கு யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று பார்ப்பதை விடவில்லை. அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எட்டு குடுத்திருக்கான்," என்றார், என்னைப் பார்க்காமல்.

"பாத்தேன்."

"இதையும் பாத்தியா?" மெதுவாக வாசித்தார். "ஒரே ஒரு முறையீடு. முதல் பாலம். எனக்கு இரண்டு கைகளும் நன்றாக இருக்கின்றன. இருபது வருடமாக இதுதான் தொழில். இருந்தும் முதல் நாள் முழுக்க என்னால் அந்தப் பாலத்தைத் தாண்ட முடியவில்லை."

டேப்லெட்டைக் கீழே வைத்தார். "பூரா நாளுமா?"

"அப்படித்தான் எழுதியிருக்கார்."

"அவனுக்கா?"

"அவருக்குத்தான்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு இழுப்பறையை மோவாயால் காட்டினார். "அத எடு."

எடுத்துக் கொடுத்தேன். வலது கைக்குள் அதைப் பொருத்திக்கொள்ள இடது கையால் ஒவ்வொரு விரலாக மடக்க வேண்டியிருந்தது. உதவ நான் போகவில்லை.

"நிஜ ஆட்டத்தப் போடு. யாரும் நிக்கக் கூடாது."

"யாரும் நிக்க மாட்டாங்கப்பா."

"ஒளிச்சு கிளிச்சு வெச்சிருக்கியா?"

"இல்ல."

கோடாரிக்காரி பாலத்தில் கால் வைத்தாள். முதல் ஈட்டிக்காரன் வந்தான். அப்பா ஓங்கினார், ஓங்கி முடிப்பதற்குள் பக்கவாட்டிலிருந்து இரண்டாவது ஆள் குத்தினான். செத்தாள். மறுபடியும் போனாள். மறுபடியும் செத்தாள். ஒருமுறை கால் வைத்த வேகத்திலேயே ஆற்றில் விழுந்தாள். அம்மா சமையலறையிலிருந்து வந்து, பார்க்க முடியாமல் திரும்பிப் போனாள். அந்த எதிரிகள் ஒவ்வொருவனையும் அவ்வளவு குரூரமாக வளர்த்தவள் நான்தான். ஒரு எண்ணை மாற்றினால் போதும், நின்றுவிடுவார்கள். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தோடு எறிந்துவிடுவார், அந்தக் கை அவ்வளவுதான் என்று பயந்தேன்.

அடுத்த முறை அப்பா முன்னால் போகவில்லை. பின்வாங்கிப் பாலத்தின் தூணோடு ஒட்டி நின்றார். முதல் ஆள் வந்தான். கட்டைவிரல் மடங்கியது. தாமதமாகத்தான் மடங்கியது, ஆனால் முழுசாக மடங்கியது. கோடாரி அவன் தோளில் இறங்கி, அவன் விழுந்தான். அந்தச் சத்தத்துக்காக நான் எத்தனையோ வாரம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அதைக் கேட்டேன். அப்பா கோடாரியைத் திரும்பத் தூக்குவதற்குள் இடப்பக்கம் ஒருவன், வலப்பக்கம் ஒருவன், தூண் மேல் ஏறிக் குதித்து மூன்றாவதாக ஒருவன். கோடாரிக்காரி சுருண்டு விழுந்தாள். திரை சிவந்து இருண்டது.

அப்பா என் பக்கம் திரும்பினார். முகம் வேர்த்திருந்தது, கண் பளபளத்தது.

"பாத்தியா," என்றார். "ஒருத்தனால முடியல. எனக்கு மூணு பேரு வர வேண்டியிருக்கு."

"பாத்தேன்ப்பா."

"சரி, மறுபடி போடு."