ஐயாயிரத்துப் பன்னிரண்டு பேர்

எங்கள் வேலேரிப்பட்டுக்குப் பெருமை என்று ஒன்று உண்டென்றால், ஏரிக்கரையில் நின்றால் திருத்தணி மலை தெரியும் என்பதுதான். அதுவும் அடுத்த ஊர் மலை. இந்த லட்சணத்தில் ஊரைப் பேரூராட்சி ஆக்கியே தீருவேன் என்று எங்கள் தலைவர் குணசேகரன் கிளம்பினார். வெறும் ஊராட்சித் தலைவர் என்றால் மாமனார் வீட்டில் மதிப்பில்லையாம்.

பேரூராட்சி ஆகிவிட்டால் நூறு நாள் வேலை போய்விடும். அது கிராமத்துக்கு மட்டும். ஏரியில் தூர் வாரும் நாங்கள் அறுபது பெண்களும் அதை நம்பித்தான் அடுப்பு மூட்டுகிறோம். இதைச் சொன்னால், "டவுன் ஆனா வேலை தானா தேடிகினு வரும்" என்றார் தலைவர். அரக்கோணம் பஸ்ஸே இன்னும் எங்கள் ஊரைத் தேடிக்கொண்டிருக்கிறது.

சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூட மைதானத்தில் கிராம சபை. தலைவர் என்னைக் கூப்பிட்டார். சர்ச்சில் வேதபாடம் வாசிக்கிறவள் நான். மைக் இல்லாவிட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும்.

"தபிதா, நல்லா சத்தமா படிம்மா. ஊரைப் பத்தின எல்லாம் இதுல இருக்குது. படிச்சதும் தீர்மானம் போட்டுடலாம்."

படித்தேன். 'கடல்போல் பரந்த ஏரி' என்று பூகோளம் தொடங்கியது. ஏரியில் பாதி சீமைக்கருவேலம். மீதியில் தலைவரின் மச்சான் நெல் போட்டிருக்கிறான். வரலாறு அதைவிட மோசம். பல்லவ ராஜா தணிகைக்குப் போகிற வழியில் எங்கள் மதகில்தான் குதிரைக்குத் தண்ணீர் காட்டினாராம். யார் பார்த்தது? குதிரை வந்து சொல்லியிருக்கும்.

பிறகு மக்கள்தொகை. ஐயாயிரம் பேர் இருந்தால் பேரூராட்சி கேட்கலாம். தலைவரின் கணக்கில் ஐயாயிரத்துப் பன்னிரண்டு. ரேஷன் கார்டுகளைப் பார்த்து எழுதிய பட்டியல். டவுன் மாதிரி காட்ட, ஏரியில் என்னோடு மண் சுமக்கிற துர்காவுக்குக்கூடத் தொழில் வியாபாரம் என்று போட்டிருந்தது. எங்கள் தெரு வந்தது. "சுப்பன், வயது எண்பத்தொன்று" என்று படித்ததும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. சுப்பன் போன தை மாசமே செத்துப்போனவர். அடுத்த வரியில் என் வாய் நின்றுவிட்டது. 'பிரபுதாஸ், வயது நாற்பத்தெட்டு, வியாபாரம்.' என் வீட்டுக்காரர். கல்லறைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது.

"செத்தவங்கள வெச்சுத்தான் டவுன் கட்டப் போறீங்களா, தலைவரே?" என்று கத்தினேன்.

"பேரு ஒன் கார்டுல இருக்குது. எடுக்காம வெச்சிருக்கிறது யாரு, நானா?"

அவர் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம். எங்கள் ஊரில் செத்தவர் பேரை யாரும் கார்டிலிருந்து எடுப்பதில்லை. சர்க்கரைக்கு ஆசைப்படுகிறார்கள் என்பார்கள். பாதிப் பேர் விஷயத்தில் அதுவும் சரிதான். நான் தாலுகா ஆபீஸ் வாசல்வரை இரண்டு தடவை போய்த் திரும்பி வந்தேன். மனசு வரவில்லை.

ஒன்றியத்திலிருந்து கூட்டத்தைப் பார்வையிட வந்திருந்த கவிப்பிரியா எழுந்தார். "இறந்தவங்க பேரை இப்பவே நீக்கிடலாங்க. ஆனா அந்தந்த வீட்டு ஆளுங்கதான் அடிச்சிட்டுக் கையெழுத்துப் போடணும்."

முதலில் துர்கா வந்தாள். சுப்பன் அவளுடைய மாமனார். "மாமா, மன்னிச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டே கோடு போட்டாள். அவளுக்குப் பின்னால் வரிசை கட்டினார்கள். வள்ளியம்மாள் தன் அம்மாவை அடித்தாள். குப்பம்மாள் அண்ணனை அடித்துவிட்டுக் கைநாட்டு வைத்தாள். தலைவரின் செத்துப்போன அப்பாவும் பட்டியலில் சௌக்கியமாக இருந்தார். அவரை அடிக்க மட்டும் ஆள் வரவில்லை.

பன்னிரண்டு பேர் போனார்கள். கவிப்பிரியா கழித்துப் பார்த்தார். "சரியா ஐயாயிரம்" என்றார்.

வெளுத்திருந்த தலைவரின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "அப்ப போதும்ல? தீர்மானம் போட்டுடலாங்களா?"

பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மட்டும் என் வீட்டுக்காரர் பேரை இன்னும் அடிக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தலைவர் என் பக்கம் குனிந்தார். "உடு தபிதா. அவன் பேராவது ஊர்ல இருந்துட்டுப் போவட்டும்" என்றார். என்ன கரிசனம்! என் வீட்டுக்காரர் ஜுரத்தில் கிடந்த அன்று வண்டி கேட்டதற்கு டீசல் இல்லை என்று சொன்ன வாய் அது.

பேனாவை வாங்கி அந்தப் பேரின்மேல் கோடு போட்டேன். பக்கத்தில் 'இறந்துவிட்டார்' என்று எழுதினேன்.

"யாரோட மனைவின்னும் எழுதிடுங்க" என்றார் கவிப்பிரியா.

'தபிதா, க/பெ. பிரபுதாஸ்.' அடித்த பேரையே மறுபடியும் எழுத வேண்டியிருந்தது. நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று கவிப்பிரியா அறிவித்ததும் பெண்கள் விசில் அடிக்காத குறையாகக் கூச்சல் போட்டார்கள்.

"ஜெயிச்சுட்டோம்க்கா!" என்று துர்கா என்னைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் நான் ஓவென்று அழுதேன்.