ஜனவரி வண்டி, ஏப்ரல் எஞ்சின்

வண்டி வாங்க வந்த ஆரின் ஸ்டாட்லர், எஞ்சினின் பின்பக்கம் டார்ச் அடித்துக்கொண்டு குந்தினார். எண் முன்பக்கத்தில்தான் இருந்தது. பின்பக்கம் பார்க்க என்ன இருக்கிறது என்று வெர்லின் நினைத்திருந்தான்.

அந்த எண்ணைப் பொறிக்க அவனுக்கு இரண்டு வாரம் பிடித்தது. பழைய எண்ணை அரத்தால் தேய்த்துவிட்டு, எழுத்து உளிகளை வைத்து ஒவ்வொன்றாக அடித்து, மேலே உப்புத்தண்ணீர் தெளித்துத் துருப்பிடிக்க விட்டான். வண்டியின் உடம்பில் இருந்த எண்ணோடு அது அச்சு அசலாகப் பொருந்தியது. எழுபதாம் வருஷத்து செவெல் கார் அது. தொழிற்சாலையிலேயே கூடப் பிறந்த எஞ்சினோடு இருந்தால் ஆட்கள் ஊர்விட்டு ஊர் வந்து எடுத்துப் போவார்கள். அது இல்லாவிட்டால் சாம்பல் நிறப் பிரைமர் பூசிய தகரம்.

பதினொரு வருஷ வேலை, இன்னும் பாதி பாக்கி. கதவுகள் சுவரில் சாய்ந்து நின்றன. திருகுகள் நூறு பைகளில் பெயர் எழுதிக் கிடந்தன. வீட்டை விற்றாகிவிட்டது, நாளைக் காலையில் சாவியைக் கொடுக்க வேண்டும். வாங்கியவன் கராஜை இடிக்கப் போகிறான், உள்ளே எது இருந்தாலும் பழைய வண்டிகளை நசுக்கும் யார்டுக்குப் போகும் என்று சொல்லிவிட்டான். இதுவரை வந்து பார்த்தவர்களில் ஒருவனுக்கு சீட் மட்டும் வேண்டும், இன்னொருவனுக்குப் பின் அச்சு மட்டும். வண்டியை முடித்து ஓட்டப்போகிறேன் என்று சொன்னது ஆரின் ஒருவர்தான். கென்டக்கியிலிருந்து ஒஹாயோ வரைக்கும் டிரெய்லரை இழுத்துக்கொண்டு வந்திருந்தார். அசல் எஞ்சின் இல்லாமல் தொடமாட்டேன் என்று ஃபோனிலேயே சொல்லியிருந்தார்.

"தம்பி, இங்க வா. இதப் படி."

கம்பிப் பிரஷ்ஷால் அவர் தேய்த்திருந்த இடத்தில், வார்ப்பிரும்பிலேயே எழுந்து நின்றன ஒரு எழுத்தும் மூன்று இலக்கங்களும். டி, பதினாலு, சைபர்.

"டின்னா எந்த மாசம்?"

வெர்லின் விரலால் அந்த எழுத்தைத் தடவினான்.

"ஏ ஜனவரி, பி பிப்ரவரி. மிச்சத்தையும் நானே சொல்லணுமா? எழுபதாம் வருஷம் ஏப்ரல் பதினாலு. அன்னிக்குத்தான் இந்த இரும்பையே உருக்கி ஊத்திருக்கான். உன் வண்டித் தகட்டுல ஜனவரி ரெண்டாவது வாரம்னு இருக்கு. நடுவுல மூணு மாசம் இது எதுல ஓடுச்சு, ஜெபத்துலயா?"

முன்னால் எண்ணை அப்படி இழைத்தவன் பின்னால் தேதியைப் பார்க்கவே இல்லை. எதுவும் தெரியாதவன் இந்தப் பொய்யில் இறங்கியே இருக்க மாட்டான்.

முதல் குத்து வாயில் விழுந்தது. ஆரினுக்கு அறுபத்துமூன்று வயது, முப்பது வருஷம் தகடு அழுத்தும் பட்டறையில் நின்ற கை. வெர்லின் பின்னால் சரிந்து வண்டியின் மட்கார்டில் சாய்ந்தான். ஆரின் அவன் காலரைப் பிடித்து இழுத்து நடுத்தரைக்குக் கொண்டுவந்தார்.

"வண்டி மேல விழாத. பிரைமர் போயிடும்."

அப்புறம் விலாவில் இரண்டு உதை விட்டார். மூன்றாவதுக்கு அவர் முதுகே பிடித்துக்கொண்டது. எஞ்சின் ஸ்டாண்டைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"ஆறு மணி நேரம் ஓட்டிட்டு வந்திருக்கேன். என் முதுகுல ரெண்டு இரும்புத் தகடு இருக்கு, தெரியுமா? அசல் எங்க?"

வெர்லின் துப்பினான். ரத்தத்தோடு பல்லில் ஒரு சில்லும் வந்தது.

"என் அண்ணன்கிட்ட. நாலு மைல்."

"அப்ப அவன்கிட்ட கேக்கறதுக்கு என்ன?"

"அவன் கண்ண நான் எடுத்துட்டேன்."

ஆரின் யோசித்தார். "எத்தனை கண்ணு?"

"ஒண்ணு."

"இன்னொண்ணு இருக்குல்ல. கிளம்பு."

எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே கராஜில் நடந்தது அது. அண்ணன் லோவெல் புதுசாக ஒரு பெரிய எஞ்சினைப் போடச் சொன்னான், வெர்லின் அசல்தான் என்றான். இரண்டு பேரும் குடித்திருந்தார்கள். லோவெல் முதலில் ஸ்பானரை எறிந்தான். வெர்லின் கையில், இறுகிப்போன நட்டைக் கழற்றும் இரண்டரை அடிக் கம்பி இருந்தது. ஸ்பிரிங் தெறித்துக் கண்ணில் பட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னான் லோவெல். அடுத்த வாரம் இரண்டு ஆட்களோடு வந்து எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போனான். போகும்போது அந்தக் கம்பியையும் எடுத்துக்கொண்டான். அதற்கப்புறம் பேச்சில்லை.

ஆரினும் வெர்லினும் போனபோது லோவெல் தன் ஷெட்டில் பெஞ்சின் முன்னால் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். பெஞ்சு முழுக்கப் பழைய கடுகுச் சாஸ் கறை. தம்பியின் கிழிந்த உதட்டைப் பார்த்தான்.

"யாரு பண்ணது?"

"நான்தான்," என்றார் ஆரின்.

"நல்லா பண்ணிருக்கீங்க. காபி குடிக்கிறீங்களா?"

ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. ஃபிளாஸ்கின் மூக்கைக் கோப்பையின் விளிம்பில் தொட்டு வைத்து, தொட்டபடியே ஊற்றினான். ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை. வெர்லின் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

எஞ்சின் மூலையில் ஒரு பழைய போர்வைக்கு அடியில் இருந்தது. ஆரின் மண்டியிட்டு முன்னால் எண்ணைப் பார்த்தார், பின்னால் போய்த் தேதியைப் பார்த்தார். அறுபத்தொன்பது டிசம்பர் மூன்று. பிறகு ஸ்பானரை மாட்டி எஞ்சினின் கிராங்க் தண்டைத் திருப்பினார். சத்தமே இல்லாமல் சுற்றியது.

"எட்டு வருஷம் கிடந்தா இறுகியிருக்கணுமே. யாரு எண்ணெய் விட்டது?"

"நான் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறதில்ல. அதுக்குப் பதிலா இது."

அங்கே வந்தபிறகு வெர்லின் முதன்முறையாகப் பேசினான். "விலை சொல்லு, லோவெல்."

"உன் காசு வேணாம். ஒரு அடி."

சுவரிலிருந்து கம்பியை எடுத்தான். அதே கம்பி. "கண்ணக் கேக்க மாட்டேன். நான் ஒண்ணும் மிருகம் இல்ல. எந்தக் கையால அடிச்ச?"

"வலது."

"அப்ப அதை வை."

ஆரின் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் வெளில நிக்கறேன்."

"இருங்க. அப்புறம் இவன் இல்லேம்பான்."

வெர்லின் வலது கையைப் பெஞ்சில் விரித்து வைத்தான். லோவெல் இரண்டு கையாலும் கம்பியைத் தூக்கி இறக்கினான். கம்பி விரல்களுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. மரம் பிளந்து சிம்பு பறந்தது, சாண்ட்விச் தட்டு தரையில் போய் நொறுங்கியது.

"ஒண்ணு ஆச்சு," என்றார் ஆரின்.

"பட்டாத்தான் ஒண்ணு."

இரண்டாவது அடி பெஞ்சில் மாட்டியிருந்த இரும்புப் பிடிப்பான வைஸில் பட்டுத் தெறித்துத் திரும்பி, லோவெலின் முழங்காலில் இறங்கியது. அவன் கெட்ட வார்த்தை ஒன்றைக் கத்திக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றான். நல்ல கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் கம்பியைத் தூக்கினான். அது வெர்லினின் மண்டைக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தது. லோவெல் அதைக் கைக்கு நேராகத்தான் பிடித்திருப்பதாக நினைத்திருந்தான்.

"நிறுத்தப்பா, இவனக் கொன்னுருவ," என்றார் ஆரின். "பத்திரத்துல கையெழுத்துப் போட ஆள் வேணும் எனக்கு."

லோவெல் கம்பியைத் தாழ்த்தினான். அவன் கழுத்து சிவந்துபோயிருந்தது. அடிக்கக்கூடத் தெரியாதவனாக வெளியாள் முன்னால் நிற்கிறான். வெர்லின் இப்போது கையை எடுத்துக்கொண்டிருக்கலாம். உன் முறை முடிந்தது என்று சொல்லியிருந்தால் லோவெல் உட்கார்ந்திருப்பான் என்றுகூடத் தோன்றியது. எஞ்சின் மட்டும் போர்வைக்கு அடியிலேயே இருந்திருக்கும்.

வெர்லின் இடது கையை நீட்டிக் கம்பியின் நுனியைப் பிடித்து இழுத்தான். அதைத் தன் வலது புறங்கையின் மேல் வைத்தான். இரும்பு சில்லென்று இருந்தது.

"இங்க," என்றான். "இங்கேர்ந்து நேரா மேல. நேரா கீழ. காலை நகத்தாத."

லோவெல் அவனைப் பார்த்தான். கம்பி நேராக மேலே போயிற்று, நேராகக் கீழே வந்தது.

சத்தம் பெரிதாக இல்லை. ஈரத்துணிக்குள் வைத்துப் பாதாம் கொட்டையை உடைத்தது போல. நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் மேலே எலும்பு தோலைக் கிழித்து வெளியே வெள்ளையாக எட்டிப்பார்த்தது. வெர்லின் முதலில் அதைப் பார்த்தான், அப்புறம்தான் வலி வந்தது. முழங்காலில் விழுந்து, காலையில் தின்றதையெல்லாம் அண்ணன் பூட்ஸ் மேலேயே வாந்தி எடுத்தான்.

லோவெல் கம்பியைத் துடைத்து ஆணியில் மாட்டினான். பூட்ஸை அதே துணியால் துடைத்தான். பிறகு துணியின் சுத்தமான பக்கத்தைத் தேடிப் பார்த்தான். அப்படி ஒரு பக்கம் இல்லை. தன் சட்டையைக் கழற்றித் தம்பியின் கையைச் சுற்றிக் கட்டினான்.

"எடுத்துட்டுப் போ," என்றான்.

சங்கிலியை மாட்டி எஞ்சினை ஏற்றியது லோவெலும் ஆரினும்தான். லோவெல் தன் டிரக்கில் வெர்லினை ஏற்றிக்கொண்டு டிரெய்லருக்குப் பின்னாலேயே கராஜுக்கு வந்தான். எட்டு வருஷத்துக்கப்புறம் வண்டியைப் பார்க்கிறான். சுற்றி வந்து பின்பக்க வளைவில் உள்ளங்கையைத் தடவினான்.

"இந்த ஒட்டு நீயா போட்ட?"

"ஆமா."

"தெரியவே இல்ல."

வண்டி டிரெய்லரில் ஏறியதும் ஆரின் உரிமைப் பத்திரத்தை லோவெலின் டிரக் பானெட்டின் மேல் விரித்தார். வெர்லின் இடது கையால் கிறுக்கினான். ஆரின் அவனுடைய லைசென்ஸை வாங்கி, இரண்டு கையெழுத்தையும் மூக்குக்கு அருகில் பிடித்துப் பார்த்தார்.

"இது பொருந்தல."

"அவன்தான் போட்டான். நான் பார்த்தேன்," என்றான் லோவெல்.

"ஒத்தக் கண்ணால."

"அது போதும். ஓட்டறப்ப ஒரு படம் அனுப்புங்க."

ஆரின் பணம் இருந்த உறையை வெர்லினின் சட்டைப் பைக்குள் செருகினார். ஏப்ரல் எஞ்சினை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். டிரெய்லர் திருப்பத்தில் மறையும்வரை இரண்டு பேரும் நின்றார்கள். சாம்பல் நிறக் கூரை கடைசியாகத் தெரிந்தது.

டிரக்கில் லோவெல் வேகமாகவே ஓட்டினான். சட்டை முழுக்க ஊறி, வெர்லினின் தொடையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரில என்ன சொல்லப் போற?"

"ஸ்பிரிங் தெறிச்சுதுன்னு."

லோவெல் கியரை மாற்றினான்.

"அது நான் சொன்னது," என்றான். "நீ வேற எதாவது யோசி."