2.47க்கு நீங்கள் சம்மதித்தீர்கள்

அன்று மூன்றாவது தடவையாகப் பெட்டி வந்ததும் இராஜம்மா தொலைபேசியை எடுத்தாள்.

பெட்டி என்பது கணினித் திரையின் நடுவில் தானாக முளைக்கும் சாம்பல் நிறக் கட்டம். உங்கள் பாதுகாப்பு முழுமையானதல்ல, பிளஸ் பதிப்புக்கு மாறுங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லும். கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று 'இப்போதே', இன்னொன்று 'பிறகு'. 'வேண்டாம்' என்று ஒன்று இல்லை.

அந்தப் பாதுகாப்பை அவள் இலவசமாக வாங்கவில்லை. மார்ச் மாதம் அவளுடைய தட்டச்சுக் கடைக்கு யாரோ கொண்டுவந்த டிஸ்க்கில் வைரஸ் இருந்து, மூன்று கல்யாணப் பத்திரிகைகள் அழிந்துபோயின. மறுநாளே கணினிக் கடைக்குப் போய் நூற்று எண்பத்தொன்பது வெள்ளி கொடுத்து இந்த வைரஸ் தடுப்பை வாங்கி வந்தாள். அதற்குப் பிறகு வைரஸ் வரவில்லை. பெட்டிதான் வந்தது. அரை மணிக்கு ஒரு முறை.

"அது எரர் இல்லக்கா. ரிமைண்டர்," என்றான் கம்பெனிக்காரன்.

"என்னத்துக்கு ரிமைண்டர்? நான்தான் காசு கட்டி வாங்கிட்டேனே."

"நீங்க கட்டுனது பேசிக். பிளஸ் எடுத்தா இது வராது."

"அப்ப வராம இருக்கறதுக்கா காசு?"

"அப்படிச் சொல்ல முடியாதுலா."

"வேற எப்படிச் சொல்லுவ?"

"நீங்க 'பிறகு'ன்னு அமுக்கிட்டு வேலையப் பாருங்கக்கா."

"தம்பி, நீ உன் வீட்டுக்கு ஜாகா வச்சிருக்கன்னு வச்சுக்க. அந்தக் காவக்காரன் திருடனப் பாக்கணும். அரை மணிக்கொருக்கா கதவத் தட்டி, இன்னொரு ஜாகா வச்சுக்கங்க, இன்னொரு ஜாகா வச்சுக்கங்கன்னு உசுர எடுத்தா நீ என்ன பண்ணுவ?"

"மேனேஜர்கிட்ட சொல்றேன்க்கா."

வைத்துவிட்டான்.

இரண்டரை மணிக்கு நாகையா வந்தான். செலாயாங் பாசார் சந்தையில் காய்கறி லோரி ஓட்டுபவன். பிரிக்ஃபீல்ட்ஸில் அவள் கடைக்கு ஏறும் மாடிப்படியைக் கண்டுபிடிக்க நேரமாகிவிட்டது என்றான். அப்பா காலையில் இறந்துவிட்டார். நாளை மதியம் இரண்டு மணிக்குச் செலாயாங்கில் தகனம். நாளைய பேப்பரில் மரண அறிவிப்பு வர வேண்டும். நாலு மணிக்குள் கொடுத்தால்தான் போடுவார்கள்.

கோடு போட்ட தாளில் பெயர்களை எழுதிக் கொண்டுவந்திருந்தான். மனைவி, மகன்கள், மருமகள்கள், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள். மொத்தம் முப்பத்தொரு பேர். மரண அறிவிப்பில் பெயர் இருப்பவர்தான் குடும்பம் என்பது இராஜம்மாவுக்குத் தெரியும். பேரப்பிள்ளை ஒன்று விட்டுப்போனதற்காக இரண்டு தடவை கடைக்கே வந்து சண்டை போட்டிருக்கிறார்கள்.

அவள் தட்டெழுத்து இயந்திரத்தில் தொழில் கற்றவள். கண் தாளில் இருக்கும், விரல் விசையில் இருக்கும். திரையை நிமிர்ந்து பார்க்கிறவன் அரைத் தொழிலாளி என்பாள். வரிக்கு ஒரு பெயர், தம்பதி என்றால் இரண்டும் ஒரே வரியில். பெயர் முடிந்ததும் சுண்டுவிரல் என்டர் விசையைத் தட்டும். அடுத்த வரி.

இருபது நிமிடத்தில் முடித்தாள். அச்செடுத்து எழுத்துப் பிழை பார்த்தாள். பிழை இல்லை. நாகையாவிடம் நீட்டினாள். "ஒரு தரம் படிச்சுப் பாருங்க தம்பி."

அவன் கையில் மோட்டார் சாவி இருந்தது. இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் நின்ற கண்கள். "நீங்க பாத்தா சரிக்கா," என்று சொல்லிவிட்டு அச்சுத்தாளோடு பேப்பர் ஆபீசுக்கு இறங்கிப் போனான். எழுதிக் கொண்டுவந்த தாளை மேசையிலேயே விட்டுவிட்டான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தொலைபேசி கத்தியது.

"என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க?" நாகையாவின் குரல். "எங்க பெரியண்ணன் பேரு எங்க?"

இராஜம்மா பேப்பரை விரித்தாள். மகன்கள் என்ற தலைப்புக்குக் கீழே முதல் பெயர் நாகையா. அதன் கீழே சின்னையா. அவ்வளவுதான்.

"மூணு வருசமா பேச்சில்லக்கா, வீட்டுச் சண்டை. அப்பா போயிட்டாருன்னு நேத்து நான்தான் போன் போட்டேன். வரேன்னுட்டாரு. இப்ப பேப்பரப் பாத்துட்டு, நான் மகனே இல்லன்னு ஊருக்கே சொல்லிட்டீங்க, நீங்களே கொள்ளி வச்சுக்கங்கன்னு சொல்லிட்டாரு. கம்ப்யூட்டர் தப்பா இருக்கும்னு சொன்னா, கம்ப்யூட்டருக்கு என் பேரு மட்டும் எப்படித் தெரியும்னு கேக்கறாரு. மூத்தவர் இருக்க நான் எப்படிக்கா கொள்ளி வைப்பேன்?"

"பேரு எழுதியிருந்தீங்களா?"

"முதல் பேரே அதான்!"

தாள் மேசையில் கிடந்தது. அவன் சொன்னது சரி. கார்த்திகேசு – வீரம்மா. முதல் வரி.

இருபத்தொன்பது பேரை அடித்த விரல் இரண்டு பேரை எப்படி விடும்? கணினியைப் போட்டாள். அது விழித்ததும் பெட்டி வந்தது. இந்த முறை வாசகம் வேறு.

பிளஸ் பதிப்புக்கு மாற நேற்று 2.47க்கு நீங்கள் சம்மதித்தீர்கள். தொலைபேசி இணைப்பைப் பொருத்தித் தொடரவும்.

இராஜம்மா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு எல்லாம் விளங்கியது. 'மகன்கள்' என்று அடித்து அடுத்த வரிக்கு வந்த அந்த நொடியில் பெட்டி முளைத்திருக்கிறது. அவள் நிமிரவில்லை. கார்த்திகேசுவும் வீரம்மாவும் அறிவிப்புப் பக்கத்தில் விழாமல் பெட்டியில் விழுந்திருக்கிறார்கள். சுண்டுவிரல் என்டரைத் தட்டியிருக்கிறது. பெட்டிக்கு அது 'இப்போதே'. திருப்தியோடு மூடிக்கொண்டு போய்விட்டது. அடுத்த பெயர் அதே வரியில் ஒழுங்காக உட்கார்ந்துகொண்டது.

எழுத்துப் பிழை பார்த்தவள் ஆட்களை எண்ணவில்லை. அது அவள் குற்றம்தான். ஆனால் கதவைத் திறந்து உள்ளே வந்தவன் காசு வாங்கிய காவல்காரன்.

"உங்க அண்ணன் அட்ரஸ் சொல்லுங்க," என்றாள் தொலைபேசியில்.

கொமுட்டர் ரயில் கிள்ளானுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வழியெல்லாம் தாளை மடக்கிக் கைப்பைக்குள் வைத்துப் பையை மடியில் அழுத்திக்கொண்டிருந்தாள். டாக்சி பிடித்து வீட்டு வாசலில் இறங்கியபோது பதினொன்றரை.

கதவைத் திறந்தவள் வீரம்மா. பின்னால் கார்த்திகேசு கைலியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். முகச்சவரம் செய்யவில்லை.

"யாரு நீங்க?"

"அறிவிப்ப அடிச்சவ. தப்பு என்னோடது. உங்க தம்பிங்களோடது இல்ல."

"தம்பி அனுப்பி வச்சானா? எவ்வளவு கொடுத்தான்?" என்றார் கார்த்திகேசு.

"அண்ணே, நான் கடையப் பூட்டிட்டு வந்திருக்கேன். ஏசணும்னா அப்புறம் ஏசுங்க, நின்னு கேட்டுக்கறேன். முதல்ல இதப் பாருங்க."

அவர் வாங்கவில்லை. வீரம்மாதான் வாங்கி விரித்து அவர் முன்னால் பிடித்தாள்.

நாகையாவுக்குக் கோணல் எழுத்து. முதல் வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தான். ஓரத்தில் தட்டச்சு செய்பவருக்கு ஒரு குறிப்பும் எழுதியிருந்தான்: 'அன்னன் பேரு மேலே வரணும். எழுத்து கொஞ்சம் பெரிசா போடவும்.'

கார்த்திகேசு தாளைத் தன் கையில் வாங்கினார்.

"அவன் எழுத்துதான்," என்றார். "கழுத, இன்னும் 'ண்ண' எழுதத் தெரியல."

மூக்கை உறிஞ்சினார். வீரம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். "மணி பன்னெண்டாவப் போவுது."

"தெரியுது. வேட்டிய எடு." எழுந்தார். இராஜம்மாவைக் கடந்து போகும்போது நின்றார். "நாளைக்குத் திருத்தி வரணும். முதல் பேரா."

"வரும்ணே."

தாளை அவர் திருப்பித் தரவில்லை. அவள் கேட்கவுமில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்தபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. செலாயாங்கில் தீ ஏறியிருக்கும். கணினியை அவள் அணைக்காமலே போயிருந்தாள். பெட்டி திரையில் காத்துக்கொண்டிருந்தது. நேற்று 2.47க்கு நீங்கள் சம்மதித்தீர்கள்.

"நான் எங்கடா சம்மதிச்சேன், நாயே," என்றாள்.

திருத்தத்தைத்தான் முதலில் அடித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் திரையை நிமிர்ந்து பார்த்தாள். முப்பத்தொன்று வரை விரல் விட்டு எண்ணினாள். பிறகு அந்தச் சனியனை நீக்கும் வேலையில் இறங்கினாள். நிச்சயமாக நீக்கவா என்று அது கேட்டது. ஆம். உங்கள் கணினி ஆபத்தில் இருக்கும், நிச்சயமா? ஆம். பாதி விலையில் பிளஸ் தருகிறோம், நிச்சயமா? ஆம்.

கடைசியாக ஒரு பெட்டி. ஏன் எங்களை விட்டுப் போகிறீர்கள்? விலை அதிகம், வேகம் குறைவு, பயன்படுத்தக் கடினம். கடைசியில் 'மற்றவை', பக்கத்தில் எழுத ஒரு வெற்றுக் கோடு.

அவள் கோட்டில் சொடுக்கி, தட்டெழுத்துக்காரியின் முழு வேகத்தில் அடித்தாள். கார்த்திகேசு – வீரம்மா. பெட்டிக்குத் தமிழ் எழுத்துரு கிடையாது. கோட்டில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன.

சுண்டுவிரலால் என்டரைத் தட்டினாள். மேசை அதிர்ந்தது.